அண்ணன் வாங்கிய கடனுக்கு அம்மாவின் நிலம் முழுவதும் கோர்ட் ஏலத்தில் போய்விட்டது, மற்ற இரண்டு பங்கு என்ன ஆகும்?

மூன்றில் ஒருவன்:
நிலம் அம்மாவுடையது. 1986இல் அம்மா பெயரிலேயே கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 40 சென்ட், ஒரே புல எண், கிழக்கே வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை. அப்பா முதலில் போய்விட்டார், அம்மா 2009இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். பாகம் பிரிக்கவில்லை. வாய்க்கால் பக்கம் நான் நெல் போடுகிறேன், பாதைப் பக்கத்துத் தென்னை அண்ணன் அனுபவம், தங்கைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருடா வருடம் அரிசியும் தேங்காயும் போகும். பட்டா மட்டும் அண்ணன் பெயரில் தனியாக மாறியிருக்கிறது.

அண்ணன் 2016இல் புரோநோட்டில் 3 லட்சம் வாங்கியிருக்கிறார். கொடுத்தவர் வழக்குப் போட்டு, அண்ணன் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகி, அதை நிறைவேற்ற இ.பி. (நிறைவேற்று மனு) போட்டு, நிலத்தை ஜப்தி செய்து, கடைசியில் எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளியூர்க்காரர் ஒருவர் 11 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்துவிட்டார். இதில் ஒரு நோட்டீஸ்கூட என் பெயருக்கோ தங்கை பெயருக்கோ வரவில்லை. போன வாரம் கோர்ட் அமீனாவும் ஏலம் எடுத்தவரும் ஆட்களோடு வந்து முழு நிலத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். நடவு முடிந்து நாற்று இப்போதுதான் பச்சை கட்டுகிறது. நான் வரப்பை விட்டு நகரவில்லை. அமீனா கோபப்படவில்லை, ஆட்சேபம் இருப்பதாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை போலீஸ் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு வருவார்கள், அதற்குள் கோர்ட்டில் ஏதாவது செய்யுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட்டே விற்றுவிட்டது என்றால் எங்கள் பங்கும் போனதுதானா? தங்கை அழுகிறாள், அண்ணன் போனை எடுப்பதில்லை.

நேர்ப்பேச்சு:
கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் ஏலத்தில் போனது போனதுதான். விற்பனை உறுதியாகி சான்றிதழும் கொடுத்துவிட்டால் அதை எதிர்த்து வழக்கே போட முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே (சி.பி.சி.) இருக்கிறது, ஆர்டர் 21 ரூல் 92. இனி ஏலம் எடுத்தவரிடம் பேசி ஏதாவது வாங்கப் பாருங்கள்.

பழைய குமாஸ்தா:
நேர்ப்பேச்சு சார், நீங்கள் சொல்கிற தடை யாருக்கு என்று அந்த வரியைக் கடைசிவரை படித்தால் தெரியும். ரூல் 92(3) தடுப்பது, அந்த உத்தரவு யாருக்கு எதிராகப் போடப்பட்டதோ அவரை. இங்கே அது அண்ணன். தம்பியும் தங்கையும் அந்த வழக்கிலேயே இல்லை. அதே ரூலில் அடுத்த உட்பிரிவையும் பாருங்கள். கடனாளிக்கு அந்தச் சொத்தில் உரிமை இல்லை என்று மூன்றாம் நபர் ஏலதாரர் மேல் வழக்குப் போட்டால் டிக்ரிதாரரையும் (டிக்ரி வாங்கிய கடன் கொடுத்தவர்) கடனாளியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1976 திருத்தத்தில் வந்தது. வழக்கே போட முடியாதென்றால் இதை எதற்கு எழுதி வைக்கிறார்கள்?

கோர்ட் ஏலத்தைப் பற்றி ஊரில் இருக்கிற பெரிய தப்பான எண்ணம் இதுதான். கோர்ட் முத்திரை விழுந்தால் சொத்து சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கோர்ட் நிலத்தின் சொந்தக்காரர் கிடையாது. கடனாளிக்கு என்ன உரிமை இருந்ததோ அதை மட்டும் எடுத்து விற்கிறது, உரிமைக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அண்ணனிடம் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஏலதாரருக்குப் போகும், சான்றிதழில் 1 ஏக்கர் 40 சென்ட் என்று எத்தனை முத்திரையோடு எழுதியிருந்தாலும்.

அம்மா தன் பெயரில் வாங்கிய சொத்து, உயில் இல்லை, கணவர் முன்பே இறந்துவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 15இன்படி மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து இது மாறாது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, அது உரிமையைக் கொடுக்கவும் கொடுக்காது, எடுக்கவும் எடுக்காது.

(நீங்கள் வேறு மதமாக இருந்தால் சொல்லுங்கள், பங்குக் கணக்கு மாறும்.)

மூன்றில் ஒருவன்:
இந்துதான் ஐயா. அப்படியென்றால் முழு நிலத்தையும் எப்படி ஜப்தி செய்தார்கள்? யாரும் பார்க்க மாட்டார்களா?

பழைய குமாஸ்தா:
பார்க்க வேண்டும் என்றுதான் விதி. ஆர்டர் 21 ரூல் 13 என்று ஒன்று இருக்கிறது, அசையாச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கும் மனுவில் சொத்தின் விவரமும், அதில் கடனாளிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் மனுதாரர் தான் நம்புகிற அளவில் எழுத வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், கடன் கொடுத்தவர் பட்டா, சிட்டா நகல் எடுத்து வைப்பார். பெயர் ஒன்றே ஒன்று இருக்கும். அப்படியே முழுப் பரப்பையும் ஷெட்யூலில் (மனுவின் சொத்து விவரப் பட்டியல்) ஏற்றிவிடுவார்கள். எதிர்த்துச் சொல்ல வேண்டிய கடனாளி எக்ஸ்பார்ட்டி. கோர்ட்டுக்கு எதிரில் ஒரே ஒரு கதைதான் இருக்கும், அதுவே உத்தரவாகும்.

மூலப்பத்திரம் அம்மா பெயரில் 1986இல் பதிவானதுதானே? இணையத்தில் வில்லங்கம் போட்டாலே அது வந்திருக்கும். அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு எந்தப் பத்திரமும் போகவில்லை என்பதும் தெரிந்திருக்கும். யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஏலத்தில் எடுத்தவன்:
எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், நான் மறுபக்கம். இந்த நிலத்தை எடுத்தவன் நான் இல்லை, வேறு ஊரில் வேறு சொத்து. ஏலத்தன்றே கால் பங்கு பணம் கட்ட வேண்டும், மீதி முழுவதும் 15 நாளுக்குள். ஒரு நாள் தள்ளினாலும் போச்சு, கோர்ட்டுக்கே நேரத்தை நீட்டிக்க அதிகாரம் இல்லை என்று 1954லேயே மணிலால் மோகன்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகையை வைத்து, சீட்டை எடுத்து ராத்திரி பகலாக அலைந்து கட்டுகிறோம். அப்புறம் நிலத்துக்குப் போனால் தம்பி, தங்கை, சித்தப்பா என்று வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஜப்தி செய்யும்போது தண்டோரா போடுகிறார்கள், நிலத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், பத்திரிகையில் வருகிறது. அப்போதெல்லாம் எங்கே போயிருந்தார்கள்? பாதி கேஸ்களில் இது குடும்பமே சேர்ந்து ஆடுகிற நாடகம். அண்ணன் கடன் வாங்குவான், தம்பி நிலத்தைக் காப்பான்.

மூன்றில் ஒருவன்:
உங்கள் கோபம் புரிகிறது சார். எங்கள் ஊரில் தண்டோரா போட்டதாக அமீனா ரிப்போர்ட்டில் இருக்கலாம், நான் கேட்கவில்லை. தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகைக் கதவில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்ததை ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார், அண்ணன் வந்து கிழித்துப் போட்டுவிட்டு கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று சொல்லியிருக்கிறார். அது இப்போதுதான் எனக்குத் தெரிய வருகிறது.

நேர்ப்பேச்சு:
இதுதான் நான் கேட்க வந்தது. நோட்டீஸ் ஒட்டியது தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடினால்? தன் சொத்தை இன்னொருவன் தன்னுடையது என்று காட்டும்போது வாய் மூடி இருந்தவன் பிறகு பேச முடியாது என்று ஒரு கொள்கை உண்டே.

பழைய குமாஸ்தா:
உண்டு, கண்டிப்பாகக் கிளப்புவார்கள். ஆனால் சும்மா இருந்தார் என்பது மட்டும் போதாது. விஷயம் தெரிந்தே இருந்தார், ஏதாவது சொல்லவோ செய்யவோ செய்து ஏலதாரரை நம்ப வைத்தார், அதை நம்பித்தான் அவர் பணம் கட்டினார் என்று நிரூபிக்க வேண்டும். நிலத்தில் நெல் யாருடையது என்று அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏலதாரருக்கே தெரிந்திருக்கும். வெறும் பார்வைக்கு உரிமையாளராக இருப்பவரிடம் நம்பி வாங்கியவனுக்குப் பாதுகாப்பு தருகிற பிரிவு 41, சொத்து மாற்றச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒருவர் தானாக எழுதிக் கொடுக்கிற கிரயத்துக்கு. கோர்ட் டிக்ரியை நிறைவேற்ற நடக்கிற விற்பனையை அந்தச் சட்டத்தின் பிரிவு 2 வெளியே நிறுத்திவிடுகிறது.

வழிப்போக்கன்:
ஒரு சந்தேகம். தகப்பன் கடனை மகன் கட்ட வேண்டும் என்று இந்துச் சட்டத்தில் இருக்கிறதே, அந்த வழியில் முழு நிலத்தையும் பிடிக்க முடியாதா?

பழைய குமாஸ்தா:
இங்கே கடன் வாங்கியவர் அண்ணன், தகப்பன் இல்லை. சொத்தும் பாட்டன் சொத்து இல்லை, அம்மாவின் தனிச் சொத்து. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தவிர, அப்பா கடனுக்கு மகன் பொறுப்பு என்கிற அந்தப் பழைய கடமையையே 2005 திருத்தம் எடுத்துவிட்டது, அந்தத் திருத்தத்துக்கு முன்பு வாங்கிய கடன்களுக்கு மட்டும் இன்னும் பேசுவார்கள்.

கரைவெளி:
நான் கேட்க நினைப்பது வேறு. தங்கை கல்யாணத்தின்போதோ அதற்குப் பிறகோ ஏதாவது எழுதிக் கொடுத்தாரா? விடுதலைப் பத்திரம், வெள்ளைத்தாள், இருபது ரூபாய் முத்திரைத்தாள், எதுவானாலும். பெரும்பாலான வீடுகளில் ஒன்று இருக்கும், கேஸ் நடக்கும்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

மூன்றில் ஒருவன்:
இருக்கிறது. அம்மா இறந்த மறுவருடம் அம்மாவின் நகையைத் தங்கைக்குக் கொடுத்தோம். அப்போது அண்ணன் ஒரு முத்திரைத்தாளில் எனக்கு நிலத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். மச்சானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதிவு செய்யவில்லை. அண்ணனிடம்தான் இருக்கிறது. நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

கரைவெளி:
நினைத்தேன். பதிவு செய்யாத விடுதலை என்றால் அதை வைத்து பங்கு போனதாகச் சொல்ல முடியாது. அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கிற ஆவணம் பதிவுச் சட்டம் பிரிவு 17இல் கட்டாயப் பதிவு, பதிவு இல்லையென்றால் பிரிவு 49 அதை அந்த நோக்கத்துக்குச் சாட்சியமாக ஏற்காது. ஆனால் எதிர்த்தரப்பு கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் வேறு மாதிரி கொண்டுவருவார். ஏற்கெனவே வாய்மொழியாகக் குடும்ப ஏற்பாடு முடிந்துவிட்டது, இந்தத் தாள் அதை நினைவுக்காகக் குறித்து வைத்ததுதான் என்பார். அப்படிப்பட்ட குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று 1976இல் காலே வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அதனால் அந்தத் தாளில் வாசகம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். "இன்றுமுதல் விட்டுக்கொடுக்கிறேன்" என்று இருக்கிறதா, "முன்பே விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று இருக்கிறதா? ஒரு வினைச்சொல்லில் தங்கையின் பங்கு தொங்கும்.

இன்னொன்று, அந்தத் தாள் அண்ணனிடம் இருப்பதால் நாளைக்கு அது ஏலதாரர் கைக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. தங்கையை இப்போதே வக்கீலிடம் அழைத்துப்போய் அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் தடவையாக வெளியே வந்தால் மற்ற நல்ல சாட்சியங்களும் கெட்டுவிடும்.

புதுசு:
அண்ணனை எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யச் சொல்லி மனு போட வைக்கலாமே? டிக்ரியே போனால் ஏலமும் போய்விடும் இல்லையா?

பழைய குமாஸ்தா:
போகாது. எல்லோரும் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள். டிக்ரி வாங்கியவரே ஏலத்தில் எடுத்திருந்தால் டிக்ரி ரத்தாகும்போது நிலத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், சி.பி.சி. பிரிவு 144. ஆனால் வெளியாள் பணம் கட்டி எடுத்திருந்தால், பின்னால் டிக்ரி ரத்தானாலும் விற்பனை நிற்கும், 1967இல் ஜனக் ராஜ் வழக்கு. அப்படி இல்லாவிட்டால் கோர்ட் ஏலத்துக்கு ஒருவனும் வர மாட்டான் என்பது அதன் காரணம். ஒரே விலக்கு, அந்த வெளியாள் டிக்ரிதாரருக்கு வேண்டியவர், வழக்கு மேலே தொங்குவது தெரிந்தே எடுத்தார் என்றால். சின்னம்மாள் வழக்கில், 1990, அந்த வழியில் கடனாளிக்குச் சாதகமாக முடிந்தது. இங்கே ஏலதாரர் யாருக்கும் சம்பந்தமில்லாதவர் என்று இவரே சொல்கிறார்.

அண்ணனுக்கு வேறு இரண்டு கதவுகள் இருந்தன. ஏலத் தொகையில் 5 சதவீதத்தை ஏலதாரருக்கும் அறிவிப்பில் கண்ட கடனை டிக்ரிதாரருக்கும் கட்டி ரூல் 89இல் மீட்டிருக்கலாம். ஏலத்தை விளம்பரம் செய்ததில், நடத்தியதில் மோசடி அல்லது முறைகேடு, அதனால் பெரிய நஷ்டம் என்று ரூல் 90இல் கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் 60 நாள். 3 லட்சமும் வட்டியுமான கடனுக்கு 1 ஏக்கர் 40 சென்ட் முழுவதையும் ஏன் விற்றீர்கள், கடனுக்குப் போதுமான அளவு மட்டும் விற்க வேண்டும் என்று ரூல் 64 சொல்கிறதே என்றும் கேட்டிருக்கலாம், அது நல்ல வாதம், உச்ச நீதிமன்றம் இதற்காகவே ஏலத்தை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அவர் எதையும் செய்யவில்லை. செய்யாததன் பலன் அவர் தலையில். உங்கள் தலையில் இல்லை.

மூன்றில் ஒருவன்:
நான் இப்போது என்ன மனு போட வேண்டும்? தெரிந்த வக்கீல் ஒருவர் தனியாகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத் தடை வாங்கலாம் என்கிறார். இன்னொருவர் அதே இ.பி.யில் போக வேண்டும் என்கிறார்.

பழைய குமாஸ்தா:
இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி. அமீனா வந்துவிட்டார், நீங்கள் தடுத்துவிட்டீர்கள், இனி அது ரூல் 97 விஷயம். ரூல் 101 தெளிவாக இருக்கிறது. சுவாதீனம் கொடுப்பதில் தகராறு வந்தால் உரிமை, பாத்தியம் பற்றிய எல்லாக் கேள்வியையும் அந்த நிறைவேற்றுக் கோர்ட்டே தீர்க்க வேண்டும், தனி வழக்குக்கு அனுப்பக் கூடாது. அங்கே வரும் உத்தரவு ரூல் 103இல் டிக்ரி மாதிரி, அப்பீல் உண்டு. அதாவது சின்ன மனு என்று நினைத்து விட்டேத்தியாகப் போகாதீர்கள், முழு வழக்கு நடத்துகிற மாதிரி சாட்சி, ஆவணம் எல்லாம் வேண்டும்.

ரூல் 97ஐப் படித்தால் தடுக்கப்பட்ட ஏலதாரர் போடுகிற மனு மாதிரி இருக்கும். அதனால் சிலர், முதலில் நிலத்தை விட்டு வெளியேறு, அப்புறம் ரூல் 99இல் வா என்பார்கள். கேட்காதீர்கள். நிலத்தில் இருப்பவரையும் வெளியேற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்று 1997இல் பிரம்மதேவ் சௌத்ரி வழக்கில் தீர்ந்துவிட்டது. ஏலதாரர் தடை நடந்த 30 நாளுக்குள் போலீஸ் பாதுகாப்பு, தடை நீக்கம் என்று மனு போடுவார். அதற்கு முன் உங்கள் மனு உள்ளே இருக்கட்டும்.

பாகப்பிரிவினை வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் போட வேண்டியது நியாயப்படி ஏலதாரர். பிரிக்காத பங்கை ஏலத்தில் எடுத்தவர் நேராக வந்து வரப்பில் கால் வைக்க முடியாது, பாகம் பிரித்துக் கேட்டு வழக்குப் போட்டு தன் பங்கை வாங்க வேண்டும். கூட்டுக் குடும்பப் பங்கை ஏலத்தில் எடுத்தவருக்கு 1966இல் மணிக்யால ராவ் வழக்கில் சொன்னது இதுதான், கூட்டு உரிமையாளர் பங்குக்கும் நியாயம் ஒன்றே.

ஏலத்தில் எடுத்தவன்:
அப்போ 11 லட்சம் கட்டியவன் 46 சென்ட்டுக்காக இன்னொரு வழக்கு நடத்த வேண்டும். அற்புதம்.

பழைய குமாஸ்தா:
அவருக்கும் வழி இருந்தது, உங்களுக்கும் இருந்திருக்கும். கடனாளிக்கு விற்கத்தக்க உரிமையே இல்லை என்று ஏலம் எடுத்தவரே ரூல் 91இல் கேட்கலாம், 60 நாளுக்குள், விற்பனை ரத்தானால் ரூல் 93இல் பணம் வட்டியோடுகூடக் கிடைக்கலாம். ஆனால் துளிக்கூட உரிமை இல்லை என்றால்தான் அது வேலை செய்யும். மூன்றில் ஒன்று இருக்கிறது என்றால் சிக்கல். நான் முன்பு சொன்ன ரூல் 92(4) வழக்கில் மூன்றாம் நபர் ஜெயித்தால் டிக்ரிதாரர் ஏலதாரருக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அடுத்த உட்பிரிவு சொல்கிறது, இ.பி.யும் உயிர்பெற்று ஏலத்துக்கு முந்தைய கட்டத்துக்குப் போகும். கடன் கொடுத்தவர் பாக்கெட்டில் கை வைக்கிற இடம் அது. அதனால்தான் அவரும் கட்டாயத் தரப்பு.

ஏலத்தில் எடுக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: வில்லங்கம் மட்டும் பார்க்காதீர்கள். அதில் பதிவான பத்திரங்களும், கோர்ட்டிலிருந்து சார்பதிவகத்துக்கு வந்து ஏறியதும்தான் தெரியும். மூலப்பத்திரம் யார் பெயரில், அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசு எத்தனை பேர் என்று பாருங்கள். நிலத்தில் நின்று இந்தப் பயிர் யாருடையது என்று ஒருவரைக் கேளுங்கள்.

கொடிக்கால்:
நடுவில் என் கேள்வி ஒன்று, மன்னிக்கவும். நான் ஒருவரிடம் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்துவிட்டேன், அதற்குப் பிறகுதான் அவர்மேல் ஜப்தி வந்தது, அதற்கும் பிறகு எனக்குக் கிரயம் எழுதினார். ஜப்திக்குப் பின் எழுதிய கிரயம் செல்லாது என்கிறார்கள்.

பழைய குமாஸ்தா:
சி.பி.சி. பிரிவு 64(2) படியுங்கள். ஜப்திக்கு முன்பே பதிவான ஒப்பந்தத்தின்படி எழுதிய கிரயத்துக்கு அந்தத் தடை இல்லை. 2002 திருத்தம். ஒப்பந்தப் பதிவுத் தேதியும் ஜப்தித் தேதியும் கையில் இருந்தால் தைரியமாகப் போங்கள், இதற்குத் தனி இழை போடுங்கள்.

மூன்றில் ஒருவன்:
நகல் மனு போட்டு இ.பி. கட்டு முழுவதும் வாங்கிவிட்டேன். வக்கீல் பார்க்கும் முன் நானே உட்கார்ந்து தேதி எல்லாம் எழுதினேன். ஏலம் 2023 பிப்ரவரி. உறுதி செய்தது 2023 ஜூன். சான்றிதழ் கொடுத்தது 2024 மார்ச், முத்திரைத்தாள் தாக்கல் செய்யத் தாமதம் என்று குறித்திருக்கிறது. சுவாதீனம் கேட்டு மனு போட்டது 2024 டிசம்பர். ஷெட்யூலில் நான்கெல்லை எழுதியிருக்கிற இடத்தில் கிழக்கே வாய்க்கால், மேற்கே பாதை, வடக்கேயும் தெற்கேயும் அடுத்தவர் நிலம். நடுவில் இருக்கிற வரப்பு, என் போர்வெல், எதுவும் அதில் இல்லை. கடனாளியின் பங்கு என்று கேட்கிற பத்தியில் "முழுவதும்" என்று ஒரே வார்த்தை.

கரைவெளி:
நில்லுங்கள். உறுதி செய்தது 2023 ஜூன், சுவாதீன மனு 2024 டிசம்பர். ஒன்றரை வருடம். காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் சரத்து (ஆர்ட்டிகிள்) 134, ஏலம் எடுத்தவர் சுவாதீனம் கேட்க ஒரு வருடம், விற்பனை முழுமையான நாளிலிருந்து. குமாஸ்தா ஐயா, இது காலம் கடந்த மனு இல்லையா?

நேர்ப்பேச்சு:
சான்றிதழ் 2024 மார்ச்சில்தானே கையில் வந்தது? சான்றிதழ் இல்லாமல் எதை வைத்து மனு போடுவார்? மார்ச்சிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம், உள்ளே இருக்கிறது.

பழைய குமாஸ்தா:
மார்ச்சிலிருந்து எண்ண முடியாது. பட்டம் காதர் கான் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1996. ஏலம் உறுதியான நாளில் விற்பனை முழுமையாகிவிடுகிறது, சான்றிதழ் அதற்கான அத்தாட்சி மட்டும், அது தாமதமாக வந்தது என்பதால் ஒரு வருடக் கணக்கு நகராது. பதிவு விஷயத்திலும் இதே நிலைதான், கோர்ட் ஏலச் சான்றிதழுக்குக் கட்டாயப் பதிவு கிடையாது, கோர்ட் நகல் அனுப்பினால் சார்பதிவாளர் முதல் புத்தகத்தில் கோத்து வைப்பார்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். 2023 ஜூன் உத்தரவை எதிர்த்து உங்கள் அண்ணன் அப்பீல் ஏதாவது போட்டாரா? போட்டிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். போடவில்லை என்றால் சுவாதீன மனுவே தாங்காது. கேட்டு முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அதற்காக உரிமை வாதத்தைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். காலம் கடந்தது என்பது இந்த மனுவை மட்டும் தடுக்கும், அண்ணனின் பங்கு ஏலதாரருக்குப் போனதை மாற்றாது. சி.பி.சி. பிரிவு 65இன்படி அது ஏலம் நடந்த நாளிலிருந்தே அவருடையது. பாகப்பிரிவினை கேட்டு அவர் வரும்போது மூன்றில் இரண்டு உங்களுடையது என்று ஏற்கெனவே ஒரு கோர்ட் சொல்லியிருந்தால்தான் உங்களுக்கு நல்லது.

ஏலத்தில் எடுத்தவன்:
மூன்றில் ஒருவன் சார், உங்கள் அண்ணன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஏலம் 11 லட்சம். கடன் வட்டியோடு எவ்வளவு?

மூன்றில் ஒருவன்:
அறிவிப்பில் 5,20,000.

ஏலத்தில் எடுத்தவன்:
அப்போ மீதி 5 லட்சத்து 80 ஆயிரம் கடனாளி பெயரில் கோர்ட் டெபாசிட்டில் இருக்கும். அது எங்கே? கட்டில் செக் பெட்டிஷன் (டெபாசிட் பணத்தைக் கேட்கும் மனு) இருக்கிறதா பாருங்கள்.

மூன்றில் ஒருவன்:
பார்த்தேன். 2024 ஏப்ரலில் அண்ணன் மனு போட்டிருக்கிறார். வக்கீல் வைத்து. எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கில், நோட்டீஸ் கிழித்த வழக்கில், பணம் வாங்க மட்டும் ஆஜராகியிருக்கிறார். ஆனால் அவர் அடையாள ஆவணத்தில் பெயர் வித்தியாசம் என்று மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கரைவெளி:
உங்களுக்கு நேரம் நன்றாக இருக்கிறது. ரூல் 97 மனுவோடு, அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது, உரிமை முடியும்வரை டெபாசிட்டிலேயே வையுங்கள் என்றும் ஒரு மனு போடுங்கள். ஏலதாரருக்கும் அதுதான் நல்லது, நாளை ஏதாவது திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் கைக்கு எட்டுகிற ஒரே பணம் அது. அவருடைய வக்கீலிடம் உங்கள் வக்கீல் பேசினால் இந்த ஒரு மனுவில் இரண்டு பேரும் சேர்ந்தே நிற்கலாம்.

ஏலத்தில் எடுத்தவன்:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் 46 சென்ட்டை வாய்க்கால் பக்கமா பாதைப் பக்கமா என்று பேசித் தீர்த்து, மீதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவேன். தென்னை பாதைப் பக்கம்தானே, அண்ணன் அனுபவித்த இடம். அதையே அவருக்குக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

மூன்றில் ஒருவன்:
நஷ்டம் இல்லை. தங்கையைக் கேட்காமல் சொல்ல முடியாது, தென்னையில் அம்மா வைத்த மரங்கள் இருக்கின்றன, அவளுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டுமாம். அது பிறகு.

இரண்டு மனுவும் தாக்கல் ஆகிவிட்டது. தங்கையும் மனுதாரர், முத்திரைத்தாள் விஷயத்தை வக்கீலிடம் சொல்லிவிட்டாள், வாசகம் "விட்டுக்கொடுக்கிறேன்" என்றுதான் இருந்ததாக மச்சான் நினைவு. அண்ணன் அப்பீல் எதுவும் போடவில்லை என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்த்தாயிற்று, மேல் கோர்ட்டிலும் விசாரித்தாயிற்று. ஏலதாரர் போலீஸ் பாதுகாப்பு கேட்டுப் போட்ட மனுவையும் எங்கள் மனுவையும் சேர்த்து விசாரிக்கப் போகிறார்கள், அதுவரை அமீனா வர வேண்டாம் என்று உத்தரவு.

பழைய குமாஸ்தா:
நல்லது. அடுத்த வாய்தாவுக்குள் 1986 பத்திரத்தின் சான்றிட்ட நகல், அம்மாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் போருக்கு மின் இணைப்பு எந்தப் பெயரில் என்பதற்கு ரசீது, அடங்கலில் பயிர் யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நகல், எல்லாம் எடுத்து வையுங்கள். ஏலதாரர் சான்றிதழை வைத்துத் தனிப்பட்டாவுக்கு மனு கொடுப்பார், தாசில்தாரிடம் வழக்கு நிலுவை என்று உத்தரவு நகலோடு ஆட்சேபணை இப்போதே கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.